ஹைலக்ஸ் 2.7 பெட்ரோல்: பிளக்கை நானே மாற்றி ஓட்டிய அனுபவம்

ஷார்ஜாவில் ஏசி சர்வீஸ் வேலைக்கு ஓடும் சிங்கிள் கேபின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் என்னுடையது. 2012 மாடல், 2.7 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். பின்னால் ஏணி, கேஸ் சிலிண்டர், செம்புக் குழாய் என்று எப்போதும் பாரம் இருக்கும். மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இதில் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி விடும் ஸ்பார்க் பிளக்கை மாற்ற கராஜுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. நிக்கல் முனை, இரிடியம் முனை என்று இரண்டு வகை பிளக்கையும் போட்டு ஓட்டியாயிற்று. இதே வண்டியை வைத்துப் பிழைப்பவர்கள் வளைகுடாவில் ஏராளம் என்பதால் எழுதுகிறேன்.

நானே செய்ய ஆரம்பித்ததற்குக் காரணம் காசு இல்லை. ஒரு கராஜில் நான்கு பிளக்கும் மாற்றியதாக பில் வாங்கி வந்தேன். ஆனால் சிக்னலில் நிற்கும்போது வண்டி லேசாக உதறுவது நிற்கவில்லை. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் காயிலைக் கழற்றிப் பார்த்தால் முன்னால் மூன்று பிளக் புத்தம் புதுசு. கேபின் பக்கம் இருக்கும் நான்காவது மட்டும் வேறு கம்பெனி, துருப்பிடித்த பழசு. கையைக் கொஞ்சம் மடக்கி வேலை செய்ய வேண்டிய இடம் அது ஒன்றுதான். அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இந்த இன்ஜினில் பிளக் மாற்றுவது உண்மையிலேயே எளிது. 2004இல் வந்த 2டிஆர்-எஃப்இ வகை, 2694 சிசி, 16 வால்வு. வால்வு கவரின் நடுவில் வரிசையாக நான்கு குழி, ஒவ்வொன்றிலும் ஒரு பிளக், அதன் தலையில் ஒரு காயில். பழைய வண்டிகளில் மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை, தடித்த பிளக் ஒயரும் இல்லை. 10 மி.மீ. சாக்கெட், 16 மி.மீ. பிளக் சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், ராட்செட் போதும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நிம்மதி. காற்று வடிகட்டியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஒதுக்கிவிட்டால் கை தாராளமாகப் போகும்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே கோடையில் மதியம் நிறுத்தினால் சாயங்காலம்கூட பானட்டைத் தொட முடியாது. அதனால் இரவு நிறுத்திய வண்டியை விடியற்காலையில்தான் திறப்பேன். பிளக் உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் பிளக்கைத் திருகினால் மரையையே பிடுங்கிக்கொண்டு வரும் அபாயம் உண்டு.

நேரம் பிடிப்பது காயில் கனெக்டர்தான். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். நேராக இழுத்தால் லாக் கையோடு வந்துவிடும். முதலில் கனெக்டரை காயில் பக்கமாகவே ஒரு அழுத்து அழுத்த வேண்டும். அப்போது லாக் தளரும். பிறகு விரலால் அதை அமுக்கிப் பின்னுக்கு இழுத்தால் சத்தமில்லாமல் வரும். அடுத்து 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமும் லேசாகத் திருப்பி மேலே தூக்கலாம்.

இங்கேயே பிளக்கில் கை வைக்காதீர்கள். டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். காயிலின் ரப்பர் மூடியிருந்தாலும் பொடி மணல் பிளக்கைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். பிளக் வெளியே வந்ததும் அது நேராக சிலிண்டருக்குள் போகும். கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடித்து சுத்தம் செய்த பிறகே திருக வேண்டும். பாலைவனத்தில் ஓடும் வண்டிக்கு இதைவிட முக்கியமான வேலை இதில் வேறில்லை.

புது பிளக்கை உள்ளே விட ராட்செட் வேண்டாம். ஒரு சாண் நீள பெட்ரோல் டியூபை பிளக்கின் தலையில் செருகி, குழிக்குள் இறக்கி, விரலால் சுழற்றினால் போதும். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், எதுவும் கெடாது. கையால் முழுக்க இறங்கி வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை முறுக்க வேண்டும். இது புது வாஷருக்கான கணக்கு. கழற்றிய பழைய பிளக்கையே மறுபடி போட்டால் அதில் சிறு பங்குதான். மரையில் கிரீஸோ, இறுகிப் பிடிக்காமல் இருக்கப் பூசும் ஆன்டி-சீஸோ தடவச் சொல்லும் நண்பர்கள் உண்டு. பிளக் தயாரிக்கும் என்ஜிகே கம்பெனி தன் பிளக்குகளுக்கு அது வேண்டாம் என்கிறது. மரையில் ஏற்கெனவே முலாம் உண்டு, மேலே வழவழப்பும் சேர்ந்தால் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

சரி, நிக்கலா இரிடியமா? இரிடியம் போட்டால் இழுவை கூடும், மைலேஜ் கூடும் என்று கடைக்காரர் சொல்வார். நல்ல நிலையிலுள்ள நிக்கலுக்கும் இரிடியத்துக்கும் என் வண்டியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தேய்ந்த பிளக்கைத் தூக்கிவிட்டு எதைப் போட்டாலும் வண்டி துள்ளத்தான் செய்யும். இரிடியத்தின் லாபம் ஆயுள். அதன் உருகுநிலை 2,400 டிகிரிக்கு மேல், நிக்கலுக்கு 1,455. அதனால் ஊசி போன்ற முனையும் சீக்கிரம் கரையாது, பொறி தாவும் இடைவெளி அப்படியே நிற்கும். ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை தாங்கும் என்பார்கள்.

ஆனால் அந்த ஒரு லட்சத்தை வேலை வண்டிக்கு அப்படியே நம்பக் கூடாது. சைட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கும் நேரம் ஓடோமீட்டரில் ஏறாது. நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தால் ஒவ்வொரு பிளக்கும் 400 முறை பொறி விடும். ஒரு மணி நேரத்தில் 24,000. அதோடு, பிளக்கின் முனை சுமார் 450 டிகிரியைத் தொட்டால்தான் படிந்த கரி தானாக எரியும். வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில் அந்தச் சூடு வருவதில்லை. நாள் முழுக்க நின்று ஓடிய பிறகு நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் கொடுப்பது பிளக்குக்கு நல்லது.

இப்போது நான் நிக்கலுக்கே திரும்பிவிட்டேன். விலை இரிடியத்தைவிட மிகக் குறைவு என்பது ஒரு பக்கம். அடிக்கடி மாற்றுவதால் குழியை அடிக்கடி திறந்து பார்க்க முடிகிறது என்பதுதான் பெரிய விஷயம். கழற்றிய நான்கையும் சிலிண்டர் வரிசைப்படி அட்டையில் குத்தி வைப்பேன். வெளிர் பழுப்பாக இருந்தால் கவலையில்லை. கருப்புப் பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் உள்ளே ஆயில் எரிகிறது. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. நான்கும் ஒரே நிறம் என்றால் பொதுவான காரணம், ஒன்று மட்டும் வேறு என்றால் அந்த சிலிண்டரில் விவகாரம். கராஜில் இந்தப் பழைய பிளக்குகள் நேராகக் குப்பைக்குப் போய்விடும். வண்டியின் ரிப்போர்ட்டும் அதோடு போய்விடும். பீங்கானின் அடியில், இரும்பை ஒட்டி, பழுப்பு வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பலர் அதை கேஸ் கசிவு என்று நினைக்கிறார்கள். உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைத்த கறைதான் அது.

நடுவில் ஒரு தடவை செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது. அப்படி மின்னினால் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் விடுபடுவது) கடுமை, அப்படியே ஓட்டினால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விடும் என்று அர்த்தம். மலிவான புளூடூத் ஸ்கேனரைச் செருகியதும் பி0302 என்ற கோளாறு எண் வந்தது, அதாவது இரண்டாவது சிலிண்டர். இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாட்டி, அந்தக் கோளாறு எண்ணை அழித்து ஓட்டினேன். இப்போது பி0303. பிளக் அதன் இடத்திலேயே இருக்க, கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது. ஒரே ஒரு காயில் வாங்கினேன், முடிந்தது. அதற்கு முன் விசாரித்த இடத்தில் நான்கு காயிலையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

பிளக் வாங்கும்போது போலி ஜாக்கிரதை. பெட்டியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நடு முனை சரியாக மேல் முனைக்கு நேரே நிற்கிறதா, பீங்கானில் எழுத்து அழுத்தமாக இருக்கிறதா, வாஷர் விரலால் சுற்றினாலே கழன்று வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நல்ல பிளக்கில் வாஷர் அவ்வளவு லேசாக வராது. இரிடியத்தின் மெல்லிய முனையில் இடைவெளியை அளக்கும் கேப் கேஜைத் திணித்து நெம்பாதீர்கள், ஒடிந்துவிடும்.

கடைசியாகத் திறந்தபோது மூன்றாவது குழியின் அடியில் ஆயில் தேங்கியிருந்தது. பிளக்கின் முனை சுத்தம். ஆயில் நின்றது வெளிப்பக்கம் மட்டும். ஆக, பிஸ்டன் ரிங்கில் குறை இல்லை. குழியைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் சூட்டில் கெட்டித்துப் போயிருக்கிறது. துணியைக் கம்பியில் சுற்றி ஆயிலை ஒற்றி எடுத்துவிட்டேன், காயிலின் ரப்பரையும் துடைத்தேன். விட்டுவைத்தால் ரப்பர் ஊறி உப்பி அங்கேயே மிஸ்ஸிங் தொடங்கும். வால்வு கவர் கேஸ்கட்டும் நான்கு சீலும் வாங்கி வைத்திருக்கிறேன். முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்க பாஸிங் என்னும் வண்டிப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் முன் மாற்றிவிட வேண்டும்.