பெட்ரோகிராட் 1917 நடைப்பயணம்: வகுப்பில் சொன்னதும் தெருவில் நடந்ததும்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகிறவர்கள் அடிக்கடி விசாரிப்பதால் எழுதுகிறேன். ஊர் பெட்ரோகிராட் என்ற பெயரில் இருந்தபோது 1917 ரஷ்யப் புரட்சி நடந்த இடங்களை அரை நாளில் சுற்றிக்காட்டும் சிறு குழு ஒன்றில் சேர்ந்து போனேன். கொஞ்சம் நடை, கொஞ்சம் வேன். வழிகாட்டும் அம்மா பள்ளியில் வரலாறு நடத்தியவர், நிதானமான ஆங்கிலம். நான் கோவைப் பஞ்சாலைச் சங்கத்தில் புதுத் தோழர்களுக்கு மார்க்சிய வகுப்பு எடுத்தவன். நான் சொல்லிக்கொடுத்த தத்துவம் அந்தத் தெருக்களில் என்ன ஆனது என்று பார்க்கத்தான் போனேன். அதற்கு இந்தப் பயணம் தாராளமாகப் போதும்.

பின்லாந்து ரயில் நிலையத்தில் லெனின் சிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்து நடனக்கலைஞர் க்ஷெசின்ஸ்காயாவின் மாளிகை. பழைய நாட்காட்டிப்படி 1917 ஏப்ரல் 3 இரவு, ஊர் திரும்பிய லெனின் இதன் பால்கனியில் நின்று பேசினார். மறுநாள் அவர் முன்வைத்த ஏப்ரல் ஆய்வுரைகளிலிருந்து சில வரிகளை வழிகாட்டி கீழே நின்றே வாசித்தார். போலீஸ், நிரந்தரப் படை, அதிகார வர்க்கம் மூன்றும் ஒழிய வேண்டும். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் திருப்பி அழைக்க முடிய வேண்டும். அவர்கள் சம்பளம் தேர்ந்த தொழிலாளியின் சராசரிக் கூலியைத் தாண்டக் கூடாது. எல்லாம் பாரிஸ் கம்யூனிலிருந்து, அதாவது 1871இல் பாரிஸில் சில வாரம் நடந்த தொழிலாளர் ஆட்சியிலிருந்து, மார்க்ஸ் எடுத்த பாடங்கள். "இவற்றை நினைவில் வையுங்கள், ஒவ்வொரு இடத்திலும் சரிபார்ப்போம்" என்றார். வெறும் கட்டடம் காட்டும் பயணமில்லை என்று அப்போதே நிம்மதி வந்தது.

லெனினின் போல்ஷ்விக் கட்சி ஆட்சியைப் பிடித்தபோது தலைமையகமாக இருந்த ஸ்மோல்னிக்கு வெளியே நின்று வழிகாட்டி சொன்னவை நியாயமாக இருந்தன. நிலத்தை விவசாயிகளுக்குக் கொடுத்த நில ஆணை போல்ஷ்விக்குகளின் சொந்தத் திட்டமே இல்லை. சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சி தொகுத்த விவசாயிகளின் கோரிக்கைகள். பெரும் பண்ணைகளைப் பொதுவில் நடத்துவது என்ற கோட்பாட்டை ஓரம் வைத்துவிட்டு, உழுகிறவன் கேட்டதைக் கொடுத்தார்கள். நாட்டில் ஐந்தில் நான்கு பேர் விவசாயிகளாக இருக்கும்போது வேறென்ன செய்ய முடியும்? சம்பள விஷயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்கள். மக்கள் கமிசாருக்கு, அதாவது அமைச்சருக்கு, மாதம் 500 ரூபிள் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1918 மே மாதம் தன் சம்பளத்தை 800 ஆக்கியதற்காக லெனின் அரசின் அலுவலக நிர்வாகி போன்ச் புரூயெவிச்சை எழுத்திலேயே கண்டித்தார். இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

அப்புறம் கொரோகோவாயா தெரு 2ஆம் எண். இந்த ஒரு இடத்துக்காகவே போகலாம். ஜார் காலத்தில் நகரத் தலைமை அதிகாரியின் அலுவலகம், போலீஸ் நிர்வாகத்தின் இருப்பிடம். 1917 டிசம்பரில் புதிய அரசின் ரகசியப் போலீசான செக்கா உருவானதும் வந்து உட்கார்ந்தது இதே கட்டடத்தில். தயாராக இருக்கும் அரசு இயந்திரத்தை அப்படியே கைப்பற்றித் தொழிலாளி வர்க்கம் தன் காரியத்துக்கு ஓட்டிவிட முடியாது என்று மார்க்ஸ் எழுதியதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இங்கே கட்டடம்கூட மாறவில்லை. வழிகாட்டி எதுவும் சேர்த்துச் சொல்லாமல் எங்களைப் பார்க்க விட்டார்.

குறை என்றால் தாவ்ரிதா அரண்மனை. வேனிலிருந்தே காட்டிவிட்டார்கள். பழைய நாட்காட்டிப்படி 1918 ஜனவரி 5 அன்று தேர்தலில் வந்த அரசியல் நிர்ணய சபை கூடியதும், விடிந்தபோது கலைக்கப்பட்டதும் இங்கேதான். அதே நாளில் சபைக்கு ஆதரவாக ஊர்வலம் வந்த தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள். மாக்சிம் கார்க்கி பொறுக்க முடியாமல் எழுதினார். தொழிலாளர் அரசு தொழிலாளியைச் சுட்ட இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டாமா?

இன்னொன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. உள்நாட்டுப் போரும் ஜெர்மன் புரட்சியின் தோல்வியும்தான் எல்லாவற்றையும் திருப்பிவிட்டன என்று வழிகாட்டி முடித்தார். பாதி சரி. ரஷ்யப் புரட்சியும் மேற்கின் தொழிலாளர் புரட்சியும் ஒன்றையொன்று நிறைவு செய்தால் ரஷ்யக் கிராமப் பொது நிலவுடைமை கம்யூனிசத்துக்குத் தொடக்கமாகலாம் என்று மார்க்சும் எங்கெல்சும் கம்யூனிஸ்ட் அறிக்கையின் ரஷ்யப் பதிப்புக்கு எழுதிய 1882 முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்கள். 1917இல் 20 லட்சத்துக்கு மேல் இருந்த நகர மக்கள்தொகை 1920இல் ஏழு லட்சம் அளவுக்கு வந்தது. ஆள வேண்டிய வர்க்கமே பசியிலும் போர்முனையிலும் கரைந்துபோனது. ஆனால் செக்காவும் சபைக் கலைப்பும் 1918 நடுவில் பெரும் போர் மூளுவதற்கு முன்பே நடந்தவை. அந்த முடிவுகளை எடுத்தது போர் இல்லை, கட்சித் தலைமை. அதை அவரிடமே சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, வாதாடினார். நல்ல வழிகாட்டி.

குரோன்ஷ்டாட் இந்தப் பாதையில் இல்லை. ரகசிய வாக்கெடுப்பில் சோவியத்துகளுக்குப் புதிய தேர்தல் கேட்ட மாலுமிகளை 1921 மார்ச்சில் பனிக்கட்டி மேல் படை அனுப்பி அடக்கிய தீவு. இப்போது சாலை வழியாகவே போகலாம். தனியாகக் கேட்டால் கூடுதல் கட்டணத்தில் கூட்டிப்போகிறார்களாம். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் ஏற்பாடு செய்ய முடியாது என்றார்கள்.