மூஸ் ஜோவில் போன 1,740 டொலர்: வீடு எடுத்துத் தங்கப் போகிறவர்கள் படியுங்கள்

1,740 டொலர். நாலு இரவுக்கு. முழுக் காசையும் முன்கூட்டியே கிரெடிட் கார்டில், அந்தத் தளத்தின் வழியாகவே கட்டினோம். வெளியில் யாருக்கும் ஈ-டிரான்ஸ்ஃபர் அனுப்பவில்லை, வாட்ஸப்பில் ரகசியப் பேரம் பேசவில்லை. அவர்கள் போட்டிருக்கும் ஒவ்வொரு விதிப்படியும்தான் நடந்தோம். அப்படியும் காசு போய்விட்டது. ஆத்திரத்தோடு எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தளத்தின் பெயரைப் போடப் போவதில்லை. வீட்டுக்காரரையும் விருந்தாளியையும் இணைத்துவிட்டு நடுவில் தரகு எடுக்கும் தளங்களில் ஒன்று, அவ்வளவு போதும். ஊரின் பெயரை மறைக்க ஒன்றுமில்லை. கனடாவின் புல்வெளி மாகாணங்களில் ஒன்றான சஸ்காச்சுவானில் இருக்கும் மூஸ் ஜோ. ஊரில் எந்தக் குறையும் இல்லை.

எதற்கு மூஸ் ஜோ என்று ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் எல்லாரும் கேட்டார்கள். மாமி விசிட் விசாவில் வந்திருக்கிறார். நயாகரா காட்டியாயிற்று, சீ.என். கோபுரம் காட்டியாயிற்று, இரண்டுக்கும் "நல்லாத்தான் கிடக்கு" என்றதோடு சரி. அவர் கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து, காடு வெட்டி வயலாக்கிய குடும்பத்தில் பிறந்தவர். புல்வெளி மாகாணங்களில் வெறும் 10 டொலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தார்கள், மூன்று வருடத்துக்குள் நிலத்தை உழுது வீடு கட்டிக் குடியிருந்தால் காணி சொந்தம் என்று நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1872இல் வந்த சட்டம் அது. "பத்து டொலருக்கு நூற்றறுபது ஏக்கரோ? அதில ஏதும் சுத்துமாத்து இருந்திருக்கும் தம்பி" என்றார். ஒரு வகையில் இருந்ததுதான். 1874இல் முதற்குடி மக்களோடு நாலாம் இலக்க உடன்படிக்கை போட்டு அவர்களை ஒதுக்கிய பிறகு கிடைத்த நிலம் அது. ஐரோப்பாவில் ஒட்டிய அழகான சுவரொட்டிகளில் குளிரைப் பற்றிப் பேச்சே இருக்காது. அந்த ஊருக்கே போய்ப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம்.

தளத்தில் தேடினால் முதலாவதாக வந்தது அந்த வீடு. 1908இல் கட்டியது, முதற் குடியேறிகளின் வீடு, மெயின் தெருவுக்கு நடந்து போகும் தூரம், நாலு அறை, நல்ல நட்சத்திரங்கள், நிறையப் பாராட்டு. மாமிக்கு முழங்கால் வருத்தம், படி ஏற வேண்டுமா என்று கேட்டு எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில். கீழ்த்தளத்திலேயே ஒரு அறை இருக்கிறது, அம்மாவுக்கு உயரமான கட்டில் போட்டு வைக்கிறேன் என்று. அதோடு விட்டிருந்தால் சாதாரண வியாபாரப் பேச்சு. ஆள் தொடர்ந்து எழுதினான். தன் கொள்ளுத் தாத்தா மாட்டு வண்டியில் வந்தாராம், முதல் குளிர்காலத்தை மண்கட்டி அடுக்கிய குடிசையில் கழித்தாராம், பிறகு இந்த வீட்டைக் கட்டினாராம், பாட்டி சமைத்த அடுப்பு இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிறதாம். படமும் அனுப்பினான். கறுத்த இரும்பு அடுப்பு, மேலே நீலப் பீங்கான் பூச்சுக் கேத்தில், அதன் மூக்கருகே பூச்சு உதிர்ந்து காசளவு கறுப்பு.

மாமி போனை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "வயலோட கிடந்த சனம் தம்பி. இதுகள் பொய் சொல்லாதுகள்" என்றார். அந்த நிமிடமே கட்டினேன். 1,740 டொலர். துப்புரவுக் கட்டணம், சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து.

ரெஜைனாவில் இறங்கி வான் வாடகைக்கு எடுத்தோம். முதலாம் இலக்க நெடுஞ்சாலையில் மேற்கே 70 கிலோமீட்டர் அளவு. இரண்டு பக்கமும் கனோலா மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது, பிள்ளைகள் போனைக்கூடத் தொடவில்லை. ஊர் வாசலில் நிற்கும் மூஸ் என்ற பெரிய மானின் சிலையடியில் படம் எடுத்தோம். 1984இல் வைத்த சிலை. நோர்வேயில் இதைவிட 30 சென்ரிமீட்டர் உயரமாக ஒன்று வைத்துவிட்டார்கள் என்று ரோசப்பட்டு 2019இல் இதற்குப் புதுக் கொம்பு மாட்டி உயர்த்தியிருக்கிறார்கள். அதுவரைக்கும் சந்தோசம்தான்.

தளம் கொடுத்த முகவரியில் வீடு இருந்தது. வாசலில் ஒரு முதியவர் புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வானை நிறுத்தியதுமே குழாயை மூடிவிட்டு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்தக் கோடையில் இப்படி வந்து நிற்கும் மூன்றாவது குடும்பம் நாங்கள் என்றார். அவர் தன் வீட்டை யாருக்கும் வாடகைக்கு விட்டதில்லை. மாமியை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார் பாவம்.

வீட்டுக்காரன் என்று சொன்னவனுக்குப் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. குறுஞ்செய்தி மட்டும் வந்தது: குழாய் வெடித்து வீடு முழுக்கத் தண்ணீர், மன்னிக்கவும், அதைவிடப் பெரிய இன்னொரு வீடு தயாராக இருக்கிறது, செயலியைப் பாருங்கள். செயலியைத் திறந்தால் ஒரு பெட்டி. "மாற்று இடம் வழங்கப்பட்டுள்ளது." கீழே "ஏற்கிறேன்" என்று ஒரு பொத்தான். எங்கே இருக்கிறது, என்ன படம், எத்தனை அறை, ஒன்றும் இல்லை. "ஏற்கிறேன்" என்பதை அழுத்தினால்தான் முகவரியே தெரியும். இதை நன்றாகக் கவனியுங்கள். முழுச் சுத்துமாத்தும் இந்தப் பொத்தானில்தான் இருக்கிறது.

பின்னேரம். காருக்குள் களைத்துப்போன இரண்டு பிள்ளைகள், முழங்கால் வீங்கிய மாமி. ஊரில் கேட்ட ஹோட்டல்களில் அன்றிரவு அறை இல்லை. அழுத்தினேன்.

அந்த இடம் ஊருக்கு வெளியே அரைமணி நேரத்துக்கு மேல் ஓட்டம். கடைசிப் பகுதி சரளைக் கல் பாதை. சின்னக் கிராமம், பாதி வீடுகளில் ஆளே இல்லை. எங்களுக்கு ஒதுக்கியது ஒரு பேஸ்மென்ட். செங்குத்தான மரப்படி, பிடித்து இறங்கக் கம்பி இல்லை. மாமி உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியாக இறங்கினார். தரைவிரிப்பில் கால் வைத்தால் சொக்ஸ் நனைந்தது. கட்டில் இரண்டுதான். சமையல் மேசை இழுப்பறையில் எலிப் புழுக்கை. மனைவி ஒன்றும் பேசாமல் பயணப் பையில் இருந்த துவாய்களை எடுத்துக் கட்டிலில் விரித்தா. அந்தப் பேசாமைக்கு நான் இன்னும் பயப்படுகிறேன்.

அன்றிரவே தளத்துக்குப் போன் எடுத்தேன். பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள், சிக்னல் இல்லாமல் அறுந்தது. திரும்ப எடுத்தேன், திரும்ப அறுந்தது. விடிந்ததும் வெளிக்கிட்டு ஊருக்கு வந்து ஒரு மோட்டலில் அறை எடுத்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, இரண்டு மணியளவில் முறைப்பாட்டுப் படிவத்தைப் படங்களோடு நிரப்பி அனுப்பினேன்.

இனி அவர்களின் பதில்களைக் கேளுங்கள்.

முதலில் வந்தவர் மிக இனிமையானவர். "உங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது" என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார். 72 மணி நேரம் பொறுக்கச் சொன்னார். அது முடிந்ததும் வேறொருவர் வந்து, அதே படங்களைத் திரும்ப அனுப்பச் சொன்னார். மூன்றாமவர், சேரும் நேரத்தில் இருந்து 24 மணி நேரத்துக்குள் முறையிட வேண்டும், நீங்கள் ஒரு மணி நேரம் பிந்திவிட்டீர்கள் என்றார். சேரும் நேரம் மூன்று மணி, நான் அனுப்பியது இரண்டு மணிக்கு, எப்படிப் பிந்தும்? பார்த்தால், நான் அனுப்பியதை மட்டும் என் கணக்கு இருக்கும் ரொறன்ரோ நேரத்தில் எண்ணியிருக்கிறார்கள். சஸ்காச்சுவானில் கோடைக்கு மணியை மாற்றுவதில்லை, ரொறன்ரோவுக்கும் அங்கேக்கும் கோடையில் இரண்டு மணி வித்தியாசம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் படிப்பிப்பது போல எழுதினேன். அந்தக் காரணத்தை ஓசைப்படாமல் கைவிட்டார்கள். கைவிட்டுவிட்டு மெயின் ஆயுதத்தை எடுத்தார்கள்: "நீங்கள் மாற்று இடத்தை ஏற்றுக்கொண்டீர்கள். எனவே இந்த முறைப்பாடு முடிக்கப்பட்டது."

ஏற்காமல் முகவரியைக் காட்டமாட்டீர்கள், காட்டாத இடத்தை எப்படி ஏற்றதாகும் என்று கேட்டேன். பதில் இல்லை. நல்லெண்ணத்தின் அடையாளமாக 50 டொலர் கூப்பன் அனுப்பினார்கள். அடுத்த முறை அவர்களிடமே பதிவு செய்தால் கழிப்பார்களாம். 1,740 டொலருக்கு 50 டொலர்.

இதற்கிடையில் ஊரைப் பார்க்காமல் வருவதா என்று மனைவிதான் எல்லாரையும் கிளப்பினா. மெயின் தெருவுக்கு அடியில் இருக்கும் சுரங்க அறைகளைப் பார்த்தோம். அமெரிக்க ரவுடிக் கூட்டத் தலைவன் அல் கபோன் வந்து ஒளிந்தான் என்று நடித்துக் காட்டுகிறார்கள், அதற்குச் சான்று ஒன்றும் கிடையாது. சீனத் தொழிலாளர் பட்ட பாட்டைச் சொல்லும் பகுதிதான் மனதைத் தைத்தது. கனடாவுக்குள் வருவதற்கே தலைவரியாக 1885இல் 50 டொலர், 1903இல் 500 டொலர் பிடுங்கியிருக்கிறார்கள். அப்புறம் ஊருக்குத் தெற்கே 13 கிலோமீட்டரில் இருக்கும் சுகானன் முன்னோடிக் கிராம அருங்காட்சியகம். பின்லாந்தில் இருந்து வந்த சுகானன் என்ற விவசாயி, கடலே இல்லாத இந்தப் புல்வெளியில், ஊர் திரும்ப என்று தனி ஆளாகக் கப்பல் கட்டியிருக்கிறார். 1930களின் வறட்சியில் ஊரே பட்டினி கிடந்தபோது அவர் இரும்புத் தகடு அடித்துக்கொண்டிருந்தாராம். கப்பல் தண்ணீரைத் தொடவே இல்லை, அவர் 1943இல் இறந்துவிட்டார். மாமி அந்தக் கப்பலின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டு நின்றார்.

அங்கே பழைய வீடுகள், பள்ளிக்கூடம், கொல்லன் பட்டறை எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் போன மாமி உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இஞ்ச வாங்கோ. இந்தக் கேத்திலைப் பாருங்கோ."

கறுத்த இரும்பு அடுப்பு. மேலே நீலக் கேத்தில். மூக்கருகே காசளவு கறுப்பு.

பாட்டியும் இல்லை, கொள்ளுத் தாத்தாவும் இல்லை. எங்களைப் போல நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வந்த எவனோ எடுத்த படம். அங்கே இருந்த தொண்டர் அம்மாவிடம் காட்டினேன். வருகிற எல்லாரும் படம் எடுக்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்று வருத்தப்பட்டார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தளத்துக்கு அனுப்பினேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "விளம்பரப் படங்கள் விளக்கத்துக்காக மட்டுமே." அந்த விளம்பரம் இதை எழுதும் இந்த நிமிடமும் தளத்தில் இருக்கிறது. அதே அடுப்பு, அதே நட்சத்திரங்கள்.

அங்கத்தைய பொலிசில் எழுதிக் கொடுத்தேன், மரியாதையாகக் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். கார்ட் கொடுத்த வங்கியில் பணத்தைத் திருப்பக் கேட்டிருக்கிறேன். அவர்களும் முதலில் கேட்ட கேள்வி, "மாற்று இடத்தை ஏற்றீர்களா?"

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சுருக்கமாக. போய்ச் சேர்ந்ததும் வீடு மாற்றம் என்றால் "ஏற்கிறேன்" என்பதை அழுத்தாதீர்கள், முதலில் திரையைப் படம் பிடியுங்கள். வீட்டுப் படங்களை முன்கூட்டியே கூகிளில் போட்டுத் தேடுங்கள், வேறெங்காவது வந்தால் விட்டுவிடுங்கள். வயதானவர்களோடு போனால் முதல் இரவுக்காவது ஆள் இருந்து சாவி தரும் ஹோட்டலை எடுங்கள், மூஸ் ஜோவில் வெந்நீர் ஊற்றுக் குளத்தோடு கூட இருக்கிறது. கூப்பனைத் தொடாதீர்கள், தொட்டால் விசயம் தீர்ந்ததாக எழுதிவிடுவார்கள். கனடிய மோசடித் தடுப்பு மையத்தில் பதியுங்கள், காசு மீட்டுத் தருவது அவர்கள் வேலை இல்லை, ஆனால் எண்ணிக்கை சேரட்டும்.

திங்கள் வங்கிக்குத் திரும்பப் போன் எடுக்கிறேன். 1,740 டொலரில் ஒரு சதம் வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே எழுதுகிறேன்.