குழந்தைக்கு எம்.சி.யு., டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்

எங்கள் 11 மாத மகளுக்குக் காய்ச்சலுடன் முதன்முறையாகச் சிறுநீர்த் தொற்று வந்தது. சிறுநீர்க் கல்ச்சரில் ஈ.கோலை என்னும் பாக்டீரியா வளர்ந்திருந்தது, மருந்துக்குக் காய்ச்சல் விரைவில் தணிந்தது, அல்ட்ராசவுண்டில் இரு சிறுநீரகங்களும் சிறுநீர்ப்பையும் இயல்பாகவே இருந்தன. அப்படியிருந்தும், நாங்கள் சென்ற தனியார் ஸ்கேன் மையத்தில், எம்.சி.யு. (சிறுநீர்ப்பையில் சாய மருந்தை நிரப்பி, சிறுநீர் கழிக்கும்போதும் எடுக்கும் எக்ஸ்ரே), டி.எம்.எஸ்.ஏ. (சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்திச் சிறுநீரகத்தில் வடு இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன்) ஆகிய இரண்டு பரிசோதனைகளையும் உடனே சேர்த்து எடுத்தால் கட்டணம் குறையும் என்று வற்புறுத்தி, அந்த வாரத்திலேயே எடுத்துவிட்டார்கள்.

டி.எம்.எஸ்.ஏ. அறிக்கையில் வலது சிறுநீரகத்தில் 'வடு' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் பல மாதங்கள் யாரையும் நிம்மதியாக உறங்க விடவில்லை. தொற்று இருக்கும்போதோ அது தணிந்த உடனேயோ எடுத்தால், வீக்கம் கண்ட இடமும் மருந்தைக் குறைவாகவே ஏற்று மங்கலாகத் தெரியும் என்பதையும், நிலையான வடுவா என்று அறிய 4 முதல் 6 மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்பதையும் பின்னர் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் ஒருவர்தான் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்ன காலத்தில் மீண்டும் எடுத்தபோது அந்த மங்கல் இல்லை. ஆனால் முதல் ஸ்கேனின் கதிர்வீச்சு வீணாகக் குழந்தையின் உடலில் பட்டது பட்டதுதான்.

எம்.சி.யு.வில் நடந்ததுதான் என்னால் மன்னிக்க முடியாதது. கதீட்டர் வழியாகச் சிறுநீர்ப்பையில் சாய மருந்தை நிரப்பிப் படம் எடுத்தவர்கள், குழந்தை சிறுநீர் கழிக்கும்போது எடுக்க வேண்டிய படத்தை எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். சில குழந்தைகளுக்குச் சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கி மேலே திரும்பும் 'பின்னோட்டம்', கழிக்கும் நேரத்தில் மட்டுமே தெரியும். ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்க் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பதும் அந்தப் படத்தில்தான் புலப்படும். அது இல்லாமலே 'பின்னோட்டம் இல்லை' என்று கையெழுத்திட்டிருந்தார்கள். கேட்டதற்கு, குழந்தை அழுததால் முடியவில்லை என்றார்கள். அறிக்கையில் அதைக் குறிப்பிடவே இல்லை.

இந்தப் பரிசோதனைகள் வேண்டாதவை அல்ல. தொற்று மீண்டும் வந்தாலோ, அல்ட்ராசவுண்டில் சிறுநீரகம் வீங்கியிருந்தாலோ எம்.சி.யு. அவசியமாகலாம். 2 மாதம் முதல் 24 மாதம் வரையுள்ள குழந்தைக்குக் காய்ச்சலுடன் முதல் தொற்று வந்து, அல்ட்ராசவுண்ட் இயல்பாக இருந்தால், எம்.சி.யு.வை வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இலேயே கூறியிருக்கிறது. ஆகவே ஏன், ஏன் இப்போதே என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எடுத்த படம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மையத்தை விட்டுக் கிளம்புங்கள். அறிக்கையோடு எல்லாப் படங்களையும் சி.டி.யில் கேட்டு வாங்குங்கள்.