ஆன்லைன் தளத்தில் விற்கிறீர்களா? என் 1,84,000 ரூபாய் மாட்டிக்கொண்டது, கவனம்

வாடிக்கையாளர்கள் பணம் கட்டி வாங்கிவிட்ட சரக்கு. எனக்கு வரவேண்டிய 1,84,000 ரூபாயை ஒரு பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம் பிடித்து வைத்திருக்கிறது. பெயர் எழுதப்போவதில்லை.

நான் டிபன் பை தைத்து விற்கிறேன். என் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு மேலாளரைப் போட்டிருந்தார்கள். "அக்கா, உங்க பைக்கு நல்ல டிமாண்ட். சரக்கை மொத்தமா எங்க குடோனுக்கே அனுப்பிடுங்க. வேற எங்கயும் விலையைக் குறைக்காதீங்க. முதல் பக்கத்துல காட்டுறது எங்க பொறுப்பு" என்றார். எந்தத் துணி, எந்த அளவு அதிகம் போகிறது என்று அக்கறையாகக் கேட்டார். நம்பினேன். கடன் வாங்கித் துணி எடுத்தேன்.

அப்புறம் பார்த்தால் தளத்தின் சொந்த பிராண்டில் அதே அளவு, அதே உள்தையல், பாட்டிலுக்கு அதே தனிப் பை. விலை மட்டும் குறைவு. தேடினால் அதுதான் முதலில் வருகிறது. இதைக் கேட்டதும் "விதிமீறல்" என்று என் கணக்கை முடக்கினார்கள். எந்த விதி என்று கேட்டால் "ஆய்வில் உள்ளது". மறுபடி கேட்டால் "புகார் முடிக்கப்பட்டது". மேலாளர் போனை எடுப்பதே இல்லை. 1,84,000 ரூபாய்! தைத்த பெண்களுக்குக் கூலி பாக்கி நிற்கிறது.

பெரிய நிறுவனமாக இருப்பது குற்றமில்லை. அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 2002 போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. இந்தச் சட்டத்தின்படி புகார்களை விசாரிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. சரி, ஆனால் அபராதம் அரசுக்குத்தான் போகும். எனக்கு இழப்பீடு வேண்டுமானால், ஆணையம் தவறை உறுதி செய்த பிறகு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும். சிறு வியாபாரி அதுவரை தாங்குவாரா? பெரிய தளங்கள் தங்கள் பொருளையே முன்னால் தள்ளுவதை முன்கூட்டியே தடுக்கும் விதி 2024 மார்ச்சில் வந்த டிஜிட்டல் போட்டி மசோதா வரைவில் இருந்தது. அதை ஏன் உடனே சட்டமாக்கவில்லை?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சரக்கு முழுவதையும் ஒரே தளத்தின் குடோனில் வைக்காதீர்கள். போனில் சொல்வதை மெயிலில் எழுதி வாங்குங்கள். விற்பனை, பணப் பட்டுவாடா அறிக்கைகளை அன்றன்றே தரவிறக்கி வையுங்கள். கணக்கை முடக்கினால் உள்ளே நுழையவே விடமாட்டார்கள்.