1.3 டீசலில் பிக்கப் போனால் டர்போ மேல் பழி போடாதீர்கள்

பழைய 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் வண்டியின் மைலேஜும் டைமிங் செயினும் ஊரறிந்த விஷயம். ஃபியட், மாருதி, டாடா என்று முத்திரை எதுவானாலும் உள்ளே ஓடுவது அதே 1248 சிசி இன்ஜின்தான். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் பேச விரும்புவது ஒரு ரப்பர் ஹோஸைப் பற்றி.

காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினின் காற்று வாயான இன்டேக்குக்கும் அழுத்தக் காற்றைக் கொண்டுபோகும் ஹோஸ். வருஷக்கணக்கான சூட்டில் ரப்பர் இறுகும். பிரீதர் என்னும் இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியாக வரும் ஆயில் ஆவி அதை உள்ளிருந்து ஊறவைக்கும். கடைசியில் வளைவின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் கடிக்கும் இடத்தை ஒட்டிக் கீறல் விழும். ஐடிலில் பானெட்டைத் திறந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது, உள்ளே அப்போது அழுத்தமே இல்லையே. மூன்றாவது கியரில் மிதித்தால்தான் கீறல் வாய் திறக்கும். 2000 ஆர்பிஎம்மில் வர வேண்டிய இழுப்பு வராது. 'உஸ்'ஸென்று சத்தம், பின்னால் கரும்புகை. ஏர்ஃபில்டரைத் தாண்டியதும் ஏர்ஃப்ளோ சென்சார் காற்றை அளந்து சொல்லிவிடுகிறது. அளந்த காற்றில் பாதி வழியிலேயே ஓடிப்போனது இன்ஜினை நடத்தும் கணினியான இசியூவுக்குத் தெரியாது; அது பழைய கணக்குக்கே டீசலை ஊற்றுகிறது. புகை அதனால்தான்.

இந்த நிலையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் கேட்கிற முதல் வசனம்: "டர்போ போயிடுச்சு சார்." பற்றிக்கொண்டு வருகிறது. டர்போவின் இன்லெட் பைப்பைக் கழற்றி, அதன் ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, பிளேடு நுனி சுவரில் உரசியிருந்தாலோ மட்டும் டர்போ பேச்சை எடுக்கட்டும்.

ஹோஸ் ஒன்றே காரணம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. முதலில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள்: ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது; இன்ஜினைத் தொடவே வேண்டாம். புகையே இல்லாமல் மேல் ஆர்பிஎம்மில் மட்டும் திணறினால் டீசல் ஃபில்டர் அடைப்பு. ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் குழாயின் அழுத்தம், ஐடிலில் 250–300 பாரில் இருந்துவிட்டு, மிதிக்கும்போது இசியூ கேட்கும் அளவுக்கு வராமல் பின்தங்கும். முற்றினால் ஸ்கேனரில் பி0087 என்ற பிழைக் குறியீடு விழும். கரும்புகையும் உண்டு, ஹோஸும் சரி என்றால் கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுபோன ஈஜிஆர் வால்வை, அதாவது எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வைக் கழற்றுங்கள்.

காற்று ஒழுகுகிறதா என்று அளந்து பார்க்க, இசியூவைப் படிக்கும் சாதாரண ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று போதும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து இன்டேக்கின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் அளவைப் படியுங்கள். அப்போது வெளிக்காற்றின் அழுத்தம்தான் தெரியும்: சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும், ஊட்டியில் 80க்குக் கீழே. ஊரின் உயரத்துக்குப் பொருந்தாத எண் காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. பிறகு மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதியுங்கள். பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்கட்டும். 200ஐ ஒட்டி ஏறினால் காற்று ஒழுங்காக வருகிறது. 130, 140இலேயே நின்றால் எங்கோ ஒழுகுகிறது. பி0299 என்ற பிழைக் குறியீடும் காற்றழுத்தம் போதவில்லை என்றுதான் சொல்லும்; அதைப் பார்த்ததும் டர்போவுக்கு விலை கேட்கக் கூடாது.

ஹோஸை வெளியே எடுத்து இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கசிவில் தூசி ஒட்டிய கறுப்புக் கோடு இருக்கும் இடத்தில்தான் கீறல். டேப் சுற்றுவது வீண். எண்ணெய்ப் பசையில் ஒட்டாது, ஒட்டினாலும் அடுத்த ஏற்றத்தில் பிய்ந்துவிடும். கடையில் பளபளவென்று தொங்கும் சாதா சிலிக்கான் ஹோஸ் ஆயிலைத் தாங்காது, நாளடைவில் எண்ணெய் வியர்க்கும். ஃப்ளூரோசிலிக்கான் உட்பூச்சு உள்ளதைக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒரிஜினலே போடுங்கள். கிளாம்பையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

190–200 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை) முழுசாக வரும்போது இந்த இன்ஜின் மாதிரி சுகம் அதன் வகையில் குறைவு. ஆனாலும் இப்போது ஒன்று வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ரப்பர் எல்லாம் ஒரே வயசு. ஒன்றை மாற்றினால் அடுத்தது காத்திருக்கும், கூடவே அந்த டர்போ வசனமும். வாங்கியே தீருவேன் என்பவர்கள் நாலு பேரை ஏற்றி, ஏசி போட்டு, திம்பம் மாதிரி ஒரு மலைப்பாதையில் மூன்றாவது கியரில் ஏற்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.