அடோபி வீட்டுக்குச் சிமென்ட் பூச்சா? பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சான்டா ஃபே, டாவோஸ் பக்கம் பழைய அடோபி வீடு, அதாவது மண் வீடு, வாங்கப் போகிறவர்களுக்கும், வாங்கிவிட்டு "வெளிப்பூச்சில் விரிசல், ஆள் பார்க்கணும்" என்று இருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. அங்கே பூச்சு வேலையில் நடக்கிற பெரிய ஏமாற்று இதுதான். ஓதம் ஏறிய மண் சுவரைச் சிமென்ட் பூசி மூடிவிட்டு, "இனி உங்களுக்குப் பராமரிப்பே கிடையாது" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

சான்டா ஃபேயின் கிழக்குப் பகுதியில் ஒரு தம்பதிக்கு நடந்ததைப் பாருங்கள். விற்பவர் வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன் வெளிச்சுவர் முழுக்கப் புதிதாய்ச் சிமென்ட் பூசியிருந்தார். வாங்கும் முன் வந்த வீட்டு ஆய்வாளரும் "வெளிப்பூச்சு நல்ல நிலையில்" என்று எழுதிக் கொடுத்தார். பூச்சுக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பது அவர் வேலையில் அடங்காது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அது இருந்தது. அடுத்தடுத்த குளிர்காலங்களில் சமையலறையின் வடக்குச் சுவர் அடியில் உப்பிக்கொண்டு வந்தது. விற்பவருக்குப் பூசிக் கொடுத்த அதே கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் உப்பிய இடத்தைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பிவலை அடித்தார், மறுபடி சிமென்ட் பூசினார், மேலே ரப்பர் போல இழுபடும் பெயின்ட் அடித்தார், சுவரோரம் கான்கிரீட் பட்டையும் போட்டார். இதற்குத் தனி பில். கடைசியில் வேறு ஒருவரை வைத்து அறுத்துப் பார்த்தபோது, சிமென்டுக்குப் பின்னால் அடியிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மண் கல் கல்லாகவே இல்லை. விரலை வைத்து அழுத்தினால் முதல் கணு வரை உள்ளே போனது. மேலே இருந்த உத்தரங்களின் பாரத்தை அந்தச் சேறுதான் தாங்கிக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? அடோபி என்பது சூளையில் சுடாத பச்சைக் கல். நியூ மெக்சிகோவில் வழக்கமான அளவு 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 4 அங்குல உயரம். களிமண்ணும் மணலும் வைக்கோலும் கலந்து வெயிலில் காய வைத்தது. பழைய வீடுகளில் அஸ்திவாரம் என்றால் சில வரிசைக் கருங்கல், அவ்வளவுதான். சில வீடுகளில் அதுவும் இல்லை. தரையிலிருந்து ஓதம் ஏறத்தான் செய்யும். மண் பூச்சு இருந்தவரை ஏறிய ஈரம் வெளியே காய்ந்து போய்விடும். மூன்று கை சிமென்ட் பூச்சு போட்டால் முக்கால் அங்குலத்துக்கு மேல் கனமாகிவிடும்; ஈரம் அதைத் தாண்டி வெளியே வர வழியில்லை. அதே நேரம், வெயிலிலும் பனியிலும் சிமென்ட் ஒரு மாதிரி விரிந்து சுருங்கும், மண் வேறு மாதிரி. அதனால் மயிரிழை விரிசல் கட்டாயம் வரும். சான்டா ஃபே ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. குளிர்காலப் பகலில் வெயில் பனியை உருக்கும், இரவில் உருகிய தண்ணீர் விரிசலுக்குள் உறையும். ஆண்டுக்குச் சுமார் 14 அங்குலம் மழையும் பனியும் பெய்கிற வறண்ட ஊர்தானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். அந்தக் கொஞ்சத் தண்ணீர் உள்ளே போய் மாட்டிக்கொண்டால் சுவர் சரியும்.

சுவரோரம் போடும் கான்கிரீட் பட்டை இன்னும் மோசம். தரைக்குள் இருக்கும் ஈரம் மேலே வந்து காய்கிற ஒரே வழி சுவரோரத்து மண்தான். அதையும் அடைத்தால் ஈரம் சுவருக்குள் ஏறும், பட்டை எவ்வளவு உயரமோ அதற்கும் மேலே போகும். மேலே சொன்ன வீட்டில் இரண்டாம் முறை செய்த வேலைதான் சுவரைக் கொன்றது.

இது அங்குள்ளவர்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. ராஞ்சோஸ் டி டாவோஸ் ஊரின் சான் ஃபிரான்சிஸ்கோ டி ஆசிஸ் தேவாலயத்துக்கு 1967-இல் சிமென்ட் பூசினார்கள். உள்ளே ஈரம் தங்கிச் சுவர் கெட்டது. 1979-இல் சிமென்டை எடுத்துவிட்டு மண் பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றைக்கும் ஊர்மக்கள் கோடையில் கூடி மண்ணும் வைக்கோலும் பிசைந்து பூசுகிறார்கள். இவ்வளவு பேருக்குத் தெரிந்த உதாரணம் கண்ணெதிரே இருக்கையில், "எனக்குத் தெரியாது" என்று ஒரு கான்ட்ராக்டர் சொன்னால் நம்புவதற்கில்லை.

இன்னொரு ஏமாற்று, வீடே அடோபி இல்லாதது. 1957-இல் வந்த நகரச் சட்டப்படி சான்டா ஃபேயின் வரலாற்று வட்டாரங்களில் கட்டடங்கள் பழைய மண் கட்டடப் பாணியில் இருக்க வேண்டும். அதனால் மரச்சட்டத்தின் மேல் பூசியதும், சிமென்ட் பிளாக்கும், பழைய மாநிலச் சிறையில் கைதிகள் சுட்ட துளைக் கல்லும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். விளம்பரத்தில் "அடோபி" என்று போட்டுவிடுகிறார்கள். அலமாரிக்குள் கண்ணில் படாத இடத்தில் கால் அங்குலத் துளை போட்டு வரும் தூளைப் பாருங்கள். பழுப்பு மண்ணாக வந்தால் அடோபி, சாம்பல் நிறம் சிமென்ட் பிளாக், செங்காவித் தூள் சுட்ட கல், வெள்ளைப் பொடிக்குப் பின் துரப்பணம் வெறுமனே உள்ளே போனால் மரச்சட்டம். வீட்டின் ஒரு பகுதி அடோபியாகவும் பின்னால் இழுத்துக் கட்டிய அறைகள் மரச்சட்டமாகவும் இருப்பது சகஜம். அறைக்கு அறை பாருங்கள்.

அடோபிதான் என்று உறுதியானால், விலை பேசும் முன் அடிச்சுவரைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கூரைத் தண்ணீர் விழும் தூம்புகளுக்கு (அங்கே கனாலே என்பார்கள்) நேர் கீழே ஒன்று, வடக்குச் சுவரில் ஒன்று, சமையலறை அல்லது குளியலறைக் குழாய் போகும் இடத்தில் ஒன்று. ஓரடிச் சதுரம் போதும். விற்பவர் மறுத்தால், ஈரம் இருக்கிறது என்றே கணக்கு வைத்து விலையைக் குறையுங்கள், இல்லையென்றால் விலகிவிடுங்கள். மரத்துக்கென்று செய்த ஊசி ஈரமானியை நம்பாதீர்கள். மண்ணில் உப்பு இருந்தால் அது கண்டபடி காட்டும். திறந்த இடத்தில் இரண்டு மூன்று அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உடனே மூடியிட்ட பாட்டிலில் போடுங்கள். எடை போட்டு, 110 டிகிரி செல்சியஸில் ஓவனில் எடை குறைவது நிற்கும் வரை காய வைத்து, மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈர விகிதம். ஓரிரண்டு, மூன்று என்றால் கவலையில்லை. பத்தைத் தாண்டினால் முட்டுக்கொடுக்காமல் அந்தச் சுவரில் கை வைக்கவே கூடாது.

சிமென்டை எடுக்கும்போதும் ஏமாற்று உண்டு, ஆபத்தும் உண்டு. ஒரே நாளில் முழுச் சுவரையும் உரித்துவிடுகிறேன் என்பவரை விடாதீர்கள். நனைந்த சுவரைப் பல இடங்களில் அந்தச் சிமென்ட் ஓடுதான் பிடித்து நிற்க வைத்திருக்கும். முதலில் உத்தரங்களுக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு அடி இரண்டடியை மட்டும், மூன்று நான்கு அடி நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று திறந்து காய விட வேண்டும். கெட்ட கல்லை எடுத்த இடத்தில் மண் கல்லையே மண் சாந்தில் வைத்துக் கட்ட வேண்டும். சிமென்ட் பிளாக் வைத்து அடைப்பவர் அடுத்த ஓதத்தை அதற்குப் பக்கத்துக் கல்லில் ஏற்றிவிடுகிறார்.

அதோடு தண்ணீர் வரும் வழியையும் மாற்ற வேண்டும். வெளித்தரை உள்தரையைவிடத் தாழ்வாக, சுவரிலிருந்து பத்தடிக்குள் ஆறு அங்குலம் சரிவாக இருக்கட்டும். தூம்பு சுவரைவிட்டு நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது கைப்பிடிச் சுவரில் நுழையும் இணைப்பில்தான் பெரும்பாலும் ஒழுகும், அங்கே ஏணி போட்டுப் பாருங்கள். சுவரோரப் பூச்செடிக்குத் தண்ணீர் விடும் சொட்டுக் குழாயை எடுத்துவிடுங்கள். இதையெல்லாம் சொல்லாமல் பூச்சுக்கு மட்டும் விலை சொல்கிறவர் உங்கள் சுவரைப் பார்க்கவில்லை.

புதுப் பூச்சு மண்ணாக இருந்தால், களிமண் ஒரு பங்குக்கு மணல் இரண்டு முதல் மூன்று பங்கு, நறுக்கிய வைக்கோல். இடத்துக்கு இடம் மண் மாறும் என்பதால் வெவ்வேறு கலவையில் சோதனைப் பட்டைகள் பூசிக் காய வைத்து, வெடிக்காததையும் உதிராததையும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு என்றால் குழைத்த சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. இரவு உறைபனி வரும் பருவத்துக்கு முன்பே நன்றாக இறுகியிருக்க வேண்டும். அக்டோபரில் சுண்ணாம்பு பூச வருகிறேன் என்பவருக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: பூச்சின் பொருளும் கலவையும், கம்பிவலையும் ரப்பர் பெயின்ட்டும் கூடாது என்ற வரி, மூடும் முன் ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்துக் கொடுப்பது, மிச்சப் பணம் கடைசித் துண்டு காய்ந்த பிறகுதான் என்பது. உரிம எண்ணை மாநிலக் கட்டுமானத் தொழில் பிரிவில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரலாற்று வட்டாரத்தில் வெளித்தோற்றத்தை மாற்ற நகரத்தின் அனுமதி வேண்டும். "அது எதற்கு, வார இறுதியில் முடித்துவிடலாம்" என்பவருக்கு முன்பணமே கொடுக்காதீர்கள். பிறகு வேலையை நிறுத்தச் சொல்லி வரும் அறிவிப்பு வீட்டுக்காரர் பெயரில்தான் வரும்.