வாடகையா, பேங்க் கடனா, பங்கு வீடா, அரசாங்க வீடா: காரைக்குடியில உக்காந்து போட்ட கணக்கு

2024 ஏப்ரல் 19 சிவகங்கை தொகுதிக்கு ஓட்டுப் போட்டுட்டு மை வச்ச விரலோட வீட்டுக்கு வந்தேன், அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்கார ஆச்சி கூப்புட்டு "தம்பி, அடுத்த மாசத்துலேருந்து ஆயிரம் சேத்துக் குடுத்துருங்க, எல்லாம் ஏறிப்போச்சுல்ல"ன்னாக. 7,500 வாடகை 8,500 ஆச்சு. ஆச்சி நல்லவுகதான், அவுகளுக்கும் அந்த வாடகைதான் வருமானம், அதுனால அவுக மேல எனக்கு வருத்தம் கிடையாது. ஆனா அந்த ரெண்டு மாசமா டீக்கடையில, பஸ்ஸுல, வேலை பாக்குற எடத்துலன்னு எத்தனை பேரு எத்தனை கட்சிய பேசுனோம், அதுல ஒருத்தர்கூட வாடகைய பத்தி ஒரு வார்த்தை பேசலயேன்னு அன்னைக்குத்தான் உறைச்சது. மாசாமாசம் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு போற விசயம் அது. அதுலேருந்து நானும் என் வீட்டம்மாவும் ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பிச்சோம், நம்ம மாதிரி ஆளுக்கு இங்க எது எது வழி, எதுல எந்த அரசாங்கம் என்ன செய்யுதுன்னு. அந்த நோட்டுல உள்ளததான் எழுதுறேன்.

முதல்ல கடன் வாங்கி கட்டுறது, ஏன்னா எல்லாரும் சொல்ற புத்திமதி அதுதான், "வாடகை குடுக்குற காசுல டியூ கட்டிரலாமேப்பா". என் மச்சான் அதைக் கேட்டுத்தான் 2021 கடைசியில 20 லட்சம் எடுத்தாப்ல, 6.75 சதவீத வட்டி, 20 வருசம், மாசம் 15,200 சொச்சம். 2022 மே மாசத்துலேருந்து ரிசர்வ் பேங்க் ரெப்போ வட்டிய, அதாவது மத்த பேங்குகளுக்கு அது கடன் குடுக்குற வட்டிய, 4லேருந்து ஏத்தி ஏத்தி 2023 பிப்ரவரியில 6.5க்கு கொண்டாந்துருச்சு, ஒம்பது மாசத்துல ரெண்டரை சதவீதம். அதோட சேந்து மச்சான் கடன் வட்டியும் 9.25க்கு போச்சு. ஒருநாள் அவரு லோன் ஸ்டேட்மெண்ட எடுத்துட்டு வந்து திண்ணையில வச்சு காமிச்சாப்ல, கட்டுற 15,200ல 15,000 வட்டிக்கே போகுது, அசலுக்குன்னு இருந்த கட்டத்துல இருநூறு ரூபா கூட இல்ல. இப்புடியே போனா கடன் என்னைக்குமே முடியாதுன்னு பேங்க்ல டியூவ 18,000க்கு மேல ஏத்திட்டாக. 2025ல ரெப்போவ படிப்படியா குறைச்சதுல கொஞ்சம் மூச்சு விட்டுருக்காப்ல, ஆனா அந்த ஒன்றரை ரெண்டு வருசத்துல போன காசு போனதுதான். விலைவாசிய அடக்க வட்டிய ஏத்துறாக, அது புரியுது, ஆனா அந்த பாரம் நேரா வந்து எறங்குறது மச்சான் மாதிரி ஆளு தலையில.

இதே கடனுக்கு ஒன்றிய அரசு பிஎம்ஏஒய் (பிரதமர் வீட்டுத் திட்டம்) நகர்ப்புறம் 2.0ல வட்டி மானியம் வச்சிருக்கு, 2024 செப்டம்பர்லேருந்து. 25 லட்சம் வரைக்கும் கடன், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, வருச வருமானம் 9 லட்சத்துக்குள்ள, அப்புடி இருந்தா முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம் மானியம், மொத்தத்துல அதிகபட்சம் 1,80,000, அதையும் அஞ்சு வருசமா பிரிச்சுப் போடுவாக. நல்ல விசயம், வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா வரிக்கழிவு கிடைக்கும், வரிக்கழிவு கிடைக்கும்னு லோன் ஏஜெண்டு சொல்றத மட்டும் நம்பிராதீங்க. 2 லட்சம் வரை வட்டிக்கு கழிவுங்கறது பழைய வரி முறையிலதான், புதுசுல நம்ம குடியிருக்குற வீட்டுக்கு அது கிடையாது, அதுவும் இப்ப புது முறையில 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரியே இல்லைன்னு ஆன பிறகு காரைக்குடியில மாசச் சம்பளம் வாங்குற நம்மள்ல எத்தனை பேருக்கு அந்தக் கழிவால ஒரு ரூபா மிச்சம்? சிமெண்டுக்கு 28 சதவீதமா இருந்த ஜிஎஸ்டிய 2025 செப்டம்பர் 22லேருந்து 18 ஆக்குனாக, அதுவும் நல்லதுதான். 400 ரூபா மூட்டைன்னு வச்சா 30 ரூபா குறையணும், ஆயிரம் சதுரடிக்கு 400, 450 மூட்டைன்னா 13,000 சொச்சம் மிச்சம். கொத்தனார், சித்தாள் சம்பளம், எம்-சாண்டு, கம்பின்னு மத்ததெல்லாம் பாக்குறப்ப அது ஒரு வார செலவு.

பெரிய செலவு இடம். இது ஒன்றிய அரசு கையில கிடையாது, நிலம் மாநிலப் பட்டியல்ல உள்ளது, டெல்லியில யாரு உக்காந்தாலும் கோட்டையூர் ரோட்டுல செண்டு விலைய அவுக நிர்ணயிக்கப் போறதில்ல. ஆனா மாநிலம் என்ன செஞ்சுச்சுன்னும் பாக்கணும். 2017ல வழிகாட்டி மதிப்ப, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசாங்கம் வைக்கிற இட விலைய, 33 சதவீதம் குறைச்சு பதிவுக் கட்டணத்த 4 சதவீதமா ஏத்துனாக, முத்திரைத்தீர்வை 7ஓட சேத்து 11. 2023 ஏப்ரல்ல மதிப்ப பழையபடி ஏத்திட்டு பதிவுக் கட்டணத்த 2 ஆக்குனாக, மொத்தம் 9. கேக்குறவனுக்கு 11லேருந்து 9 ஆயிருச்சேன்னு சந்தோசமா இருக்கும். கணக்கு போட்டுப் பாருங்க, 10 லட்சம் மதிப்புள்ள இடம் குறைச்ச மதிப்புல 6,70,000, அதுக்கு 11 சதவீதம் 73,700, திரும்ப 10 லட்சம் ஆக்குன பிறகு 9 சதவீதம் 90,000. சதவீதம் எறங்குச்சு, கட்டுற காசு ஏறிப்போச்சு! இதை என் வீட்டம்மாதான் கால்குலேட்டர்ல போட்டு முதல்ல கண்டுபிடிச்சாங்க. 2025 ஏப்ரல்லேருந்து 10 லட்சத்துக்குள்ள உள்ள சொத்த பொம்பளைங்க பேருல பதிஞ்சா கட்டணத்துல 1 சதவீதம் குறைவு, அது உண்மையிலயே உதவி, 10,000 மிச்சம்.

அடுத்து பங்கு வீடு, பல குடும்பத்துக்கு சேந்து பங்கு உள்ள பூர்வீக வீடு, இது எங்க செட்டிநாட்டுக்கே உள்ள சங்கதி. வெளியூர்க்காரங்க கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வந்து அந்த பெரிய வீடுகள பாத்துட்டு "இவ்வளவு வீடு பூட்டிக் கெடக்கு, நீங்க வீடு இல்லைங்கறீங்களே"ன்னு கேப்பாக. எங்கூட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தருக்கு அப்புடி ஒரு வீட்டுல பங்கு இருக்கு. பதினாலு புள்ளி, அதாவது பதினாலு பங்குக்காரக் குடும்பம். ஒருதடவ என்னைய கூட்டிட்டுப் போனாக, முகப்பு தாண்டி வளவுல, அதான் உள்முத்தத்துல, நின்னா நாலு பக்கமும் பர்மா தேக்கு தூணு, கீழ ஆத்தங்குடி கல்லு, அவுகளுக்குன்னு உள்ளது அதுல ஒரு ரெட்டை அறை, சாவி இடுப்புல. அறைக்கு மேல நாட்டு ஓடு நொறுங்கி மழைத்தண்ணி எறங்கி சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமா விட்டுருக்கு. மராமத்து பாக்கணும்னா பதினாலு பேரும் ஒத்துக்கணும், சிங்கப்பூர்ல ரெண்டு பேரு, சென்னையில ஏழு பேரு, முன்னோர்களுக்கு கும்புடுற படைப்புக்குத்தான் எல்லாரும் ஒண்ணா வருவாக. குடியிருக்க முடியாது, விக்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. ஆனா மானியத்துக்கு அண்ணன் கேக்கப் போனப்ப "குடும்பத்துல யாரு பேருலயும் நாட்டுல எங்கயும் பக்கா வீடு இருக்கக்கூடாது"ங்கற விதிய எடுத்துக் காமிச்சு, உங்க பேருல பங்கு இருக்கேன்னு கேட்டுட்டாக. ஒழுகுற ஒரு அறை அண்ணன அரண்மனைக்காரரா ஆக்கிருச்சு. டெல்லியில விதி எழுதுறவுகளுக்கு பதினாலு பங்கு வீடுன்னா என்னன்னு தெரியாது, அதை எடுத்துச் சொல்ல வேண்டியது நம்ம அனுப்புற எம்பி. இதே சிவகங்கை தொகுதியிலேருந்து போயி நாட்டுக்கு நிதியமைச்சரா இருந்தவுகளே உண்டு, இருந்தும் இந்த பங்கு வீட்டு விசயம் டெல்லிக்கு போய்ச் சேரலைங்கறது எனக்கு வருத்தம்.

அரசாங்க வீடுன்னா கிராமத்துல ரெண்டு விதம். சாக்கோட்டை ஒன்றியத்துல எங்க சின்னம்மாவுக்கு பிரதமர் வீடு, அவுக பக்கத்து வீட்டுக்கு கலைஞர் கனவு இல்லம், ரெண்டும் நாப்பது அடி தள்ளி நிக்குது. பிரதமர் வீட்டுக்கு 1,20,000, இது 2016ல போட்டது, 2024 ஆகஸ்ட்ல இன்னும் 2 கோடி வீடுன்னு திட்டத்த நீட்டுனப்பவும் அதே 1,20,000. அதுலயும் ஒன்றிய அரசு 72,000, மாநிலம் 48,000. அந்த காசுல இங்க வீடு முடியாதுன்னு கான்கிரீட் கூரைக்கு மாநிலம் தனியா குடுத்து 2020 கடைசியில 2,40,000 ஆக்குனாக. கனவு இல்லம் 2024ல வந்தது, 3,50,000, 360 சதுரடி, அதுல 300 சதுரடி கான்கிரீட் கூரை. பிரதமர் வீட்டுக்கு குறைஞ்சபட்சம் 25 சதுர மீட்டர், 269 சதுரடி. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா கனவு இல்லம்தான் மேல், நான் எந்தக் கட்சிக்காரனும் இல்ல, அளந்து பாத்து சொல்றேன். சின்னம்மா தளம் போடுறதுக்கு கழுத்துல கெடந்தத அடகு வச்சுத்தான் முடிச்சாக, இன்னும் திருப்பல. பக்கத்து வீட்டுலயும் கையிலேருந்து போட்டாக, ஆனா கம்மி. ரெண்டுக்குமே சொந்தமா இடம் இருக்கணும், காரைக்குடியில வாடகைக்கு இருக்குற எனக்கு ரெண்டும் இல்ல. அடுக்குமாடி வீடு வாங்குறதப் பத்தி நோட்டுல ரெண்டு வரிதான் எழுதுனோம், எங்க ரெண்டு பேருக்குமே மனசு ஒப்பல, விட்டுட்டோம்.

கடைசியா வாடகை. இதுலதான் எந்தக் கட்சிக்கும் வாய் தொறக்கல. சட்டம் இருக்கு, 2017ல போட்டு 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், அட்வான்சு மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது, ஒப்பந்தத்த எழுதி பதியணும்னு. ஒன்றிய அரசோட 2021 மாதிரிச் சட்டம் ரெண்டு மாசம்னே சொல்லுது. நான் குடி வந்தப்ப குடுத்தது 50,000, கிட்டத்தட்ட ஏழு மாசம். எங்க தெருவுல பதிஞ்ச ஒப்பந்தம் உள்ளவுக ஒருத்தரையும் நான் பாக்கல. காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆச்சு, கோட்டையூர், கண்டனூரெல்லாம் உள்ள வந்துருச்சு, ஆச்சியும் "இனிமே வரி கூடும்னு சொல்றாக தம்பி"ன்னு இப்பவே சொல்லி வச்சிருக்காக. வரி கூடுனா வாடகை கூடும், வாடகைக்காரனுக்கு மானியமும் இல்ல, புது வரி முறையில கழிவும் இல்ல, போஸ்டர்ல படமும் இல்ல.

இவ்வளவும் எழுதிப் பாத்துட்டு நாங்க முடிவெடுத்தது, 20 லட்சம் கடன் இப்ப வேண்டாம். மூணு வருசம் வாடகையிலயே இருக்குறது, ஆச்சிகிட்ட பேசி ஒப்பந்தத்த எழுதிப் பதியுறது, வருசத்துக்கு எவ்வளவு ஏத்தலாம்னு அதுலயே போடுறது. கையில உள்ள சீட்டுக் காசையும் நகையையும் வச்சு 10 லட்சத்துக்குள்ள டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் உள்ள ஒரு சின்ன மனை, வீட்டம்மா பேருல. வட்டி ஏறுனாலும் எறங்குனாலும் மனைக்கு டியூ கிடையாது, கட்டுறத அப்புறம் பாத்துக்கலாம். மச்சானுக்கு இது பிடிக்கல, இடம் விலை ஏறிரும், கட்டுற கூலியும் ஏறிரும்னு சொல்றாப்ல, அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா அந்த இருநூறு ரூபா கட்டத்த பாத்த பிறகு எனக்கு தைரியம் வரல.

ஆச்சிகிட்ட போன வாரம் ஒப்பந்தம் பத்தி பேசுனேன். "எதுக்கு தம்பி பத்திரமெல்லாம், நம்மளுக்குள்ள"ன்னாக. நான் சட்டத்த சொல்லி, இது உங்களுக்கும் பாதுகாப்பு ஆச்சின்னு சொன்னேன். "மகன்கிட்ட போன்ல கேட்டுச் சொல்றேன்"னுருக்காக. ஞாயித்துக்கிழமை கோட்டையூர் பக்கம் ஒரு மனை பாக்கப் போறோம், முப்பது வருச வில்லங்கம் போட்டு எடுத்து வச்சாச்சு.